பாட்டு அனுப்புகிறேன், யாருமே கேட்பதில்லை!

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 62. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மயிலாடுதுறைப் பக்கம் சொந்த வீடு, கடன் எதுவும் இல்லை. சர்க்கரை மட்டும் கொஞ்சம் உண்டு, கட்டுப்பாட்டில் இருக்கிறது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், 'இந்த மனுஷனுக்கு வேறு கவலையே இல்லை போலிருக்கிறது' என்று என் கடிதத்தை ஒதுக்கிவிடாதீர்கள். எனக்கு இது பெரிய கவலையாகத்தான் இருக்கிறது.

எனக்குப் பாட்டு என்றால் உயிர். பாடத் தெரியாது, கேட்கத் தெரியும். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவன். 80களில் எங்கள் ஊர்க் கடைவீதியில் கேசட்டில் பாட்டுப் பதிவு செய்து தரும் கடை ஒன்று இருந்தது. ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிட கேசட்டில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கம் முடிய ஒன்றிரண்டு நிமிடம் மிச்சமிருந்தால், கடைக்காரர் தானாகவே ஏதாவது ஒரு பாட்டின் ஆரம்பத்தைப் போட்டு நிரப்புவார். பல்லவி முடிவதற்குள் டேப் தீர்ந்துவிடும். அது எந்தப் பாட்டு, மீதி எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ள மறுபடி கடைக்கு ஓடுவோம். அப்படி நான் கண்டுபிடித்த பாட்டுகள் எத்தனையோ. கிடைத்த அன்றைக்கே அதை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டாவிட்டால் தூக்கம் வராது.

இப்போது வாட்ஸ்அப் இருக்கிறது. தினமும் காலையில் குடும்பக் குழுவில் ஒரு பாட்டு அனுப்புகிறேன். சும்மா அனுப்புவதில்லை. என்ன ராகம், யார் இசை, யார் பாடியது, எந்த வருடம், எந்த இடத்தைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்றெல்லாம் நானே தட்டச்சு செய்து போடுகிறேன். என்ன பலன்? அனுப்பிய அரை நிமிடத்தில் கட்டைவிரல் வந்து விழும். நாலரை நிமிடப் பாட்டை அரை நிமிடத்தில் எப்படிக் கேட்பார்கள்? அடுத்த நொடியே இன்னொருவர் அதன் மேல் தங்கம் விலையையோ பூப்படம் போட்ட காலை வணக்கத்தையோ போட்டு மூடிவிடுவார். என் மைத்துனர் ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால், "அத்தான், உங்க பாட்டாலதான் என் போன்ல இடமே இல்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். துபாயில் இருக்கும் மகன் குழுவையே மியூட்டில் வைத்திருக்கிறானாம். மனைவி, "காலங்காத்தால ஆரம்பிச்சாச்சா?" என்கிறாள்.

ரசனையே செத்துவிட்டது, அம்மா. என் மகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூருவில் ஐ.டி. வேலை. சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து பாட்டு கேட்டவள், நல்ல காது அவளுக்கு. கொஞ்ச நாள் முன்பு ராத்திரி ஒன்று நாற்பதுக்கு எனக்கு மட்டும் தனியாக ஒரு பாட்டு அனுப்பியிருந்தாள். 'சுப்பிரமணியபுரம்' படத்தில் வரும் 'கண்கள் இரண்டால்'. கூட ஒரு வார்த்தை இல்லை. காலையில் பார்த்தேன். கொஞ்சம் கேட்டுவிட்டு, 'இது ரீதிகௌளை. இந்த ராகத்தின் அழகு தெரிய வேண்டுமானால் 1977இல் இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' கேள்' என்று எழுதி அந்தப் பாட்டையும் அனுப்பினேன். நல்லதைத்தானே சொன்னேன்? பல நாள் கழித்து 'சரிப்பா' என்று ஒரே ஒரு வார்த்தை. முன்பெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவாள். பொங்கலுக்கும் வரவில்லை, வேலை அதிகம் என்றாள். குரலும் ஒரு மாதிரி கம்மியிருந்தது. அது போகட்டும்.

நான் கேட்க வந்தது இதுதான். இவ்வளவு மெனக்கெட்டு அனுப்புகிறேன், ஒருவருக்கும் அருமை தெரியவில்லை. கட்டைவிரல் காட்டியே என்னை அவமானப்படுத்துகிறார்கள். பேசாமல் குழுவை விட்டு வெளியேறிவிடலாமா? அல்லது மனதில் இருப்பதைக் கொட்டி ஒரு நீண்ட செய்தி போட்டுவிட்டு வெளியேறலாமா?

— பெயர் வெளியிட வேண்டாம்

ஆலோசகரின் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் கவலையைச் சிறியது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. அந்த இடத்தை 'அது போகட்டும்' என்று எழுதித் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை.

நீங்கள் காலையில் பாட்டு அனுப்பும் நேரத்தை எழுதவில்லை. மைத்துனர் கேலி செய்த கல்யாணம் எப்போது என்றும் எழுதவில்லை. மகள் பாட்டு அனுப்பிய நேரத்தை மட்டும் நிமிடக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். 'எனக்கு மட்டும் தனியாக' என்றும், 'கூட ஒரு வார்த்தை இல்லை' என்றும் எழுதியிருக்கிறீர்கள். குரல் கம்மியிருந்ததும் உங்கள் காதில் விழுந்திருக்கிறது. ஏதோ சரியில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, ஐயா. அதை நேராகப் பார்க்கத் தயக்கமாக இருப்பதால்தான் கோபமெல்லாம் கட்டைவிரல்மேல் போகிறது என்று எனக்குப் படுகிறது.

வேலைக்குப் போகும் பெண் பின்னிரவில் தூங்காமல் அப்பாவுக்கு ஒரு பாட்டை அனுப்புகிறாள். ஏன் என்று எனக்குத் தெரியாது. காதலாக இருக்கலாம், வேலையில் நெருக்கடியாக இருக்கலாம், வெறுமனே வீட்டு நினைப்பாகவும் இருக்கலாம். நான் ஊகித்துச் சொன்னால் தப்பாகிவிடும். ஆனால் உங்களுக்கும் தெரியவில்லை, இன்றுவரை நீங்கள் கேட்கவும் இல்லை.

நீங்கள் எழுதிய விவரத்தில் பிழை இல்லை. இரண்டும் ரீதிகௌளைதான். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். உங்கள் மடியில் உட்கார்ந்து பாட்டு கேட்ட பெண்ணுக்கு அது ரீதிகௌளை என்று தெரியாமலா இருக்கும்? 2008இல் வந்த படமென்றாலும் அதன் கதை நடப்பது 1980இன் மதுரையில். நீங்கள் மீசை அரும்பித் திரிந்த காலம் அது. அவள் தலைமுறையின் பாட்டு, உங்களுக்குப் பிடித்த ராகம், உங்கள் இளமைக்காலம் எல்லாம் ஒன்றாக இருக்கும் ஒரு பாட்டைத் தேடி எடுத்து உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கிறாள். தற்செயலாகவும் இருக்கலாம். இருந்தாலும், 'அப்பாவுக்கு இது பிடிக்கும்' என்று நினைத்து அனுப்பியிருப்பாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்களிடமிருந்து போனதோ ஒரு பாடம். அவள் பாட்டை முழுதாகக் கேட்கவும் இல்லை, அதைவிட நல்ல பாட்டு இருக்கிறது என்றும் சொல்லிவிட்டீர்கள். குழுவில் மற்றவர்கள் உங்களுக்குச் செய்கிறார்கள் என்று நீங்கள் வருந்துவதையேதான் அவளுக்கு நீங்கள் செய்திருக்கிறீர்கள். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விடக் கூடாது.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. பிடித்த பாட்டை இன்னொருவர் காதில் போடத் துடிப்பது அற்புதமான குணம். எனக்கும் உண்டு. கேசட் கடையில் பாதியில் நின்ற பல்லவியைத் தேடி ஓடிய அந்தப் பையனை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் செய்ததும் நீங்கள் இப்போது செய்வதும் ஒன்றல்ல. அன்று எதிரில் ஒரு நண்பன் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்டுக் காட்டினீர்கள். அவன் நெளிந்தால் அடுத்த பாட்டுக்குப் போயிருப்பீர்கள். பந்தி பரிமாறுகிறவர் இலையைப் பார்த்துத்தான் போடுவார். குழுவில் உங்களுக்கு எந்த இலையும் தெரிவதில்லை, போட்டுக்கொண்டே போகிறீர்கள். இலங்கை வானொலியில் நேயர் விருப்பத்தை அத்தனை ஆசையாகக் கேட்டோமே, பாட்டுக்காக மட்டுமா? விரும்பிக் கேட்டவரின் பெயரையும் ஊரையும் வாசிப்பார்கள். இன்னார் இந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் அந்தப் பாட்டுக்கே ஒரு முகம் வந்துவிடும்.

மற்றவர்களுக்கு ரசனை செத்துவிட்டது என்று சொல்வதையும் நான் ஏற்கவில்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2001இல் ஓர் ஆய்வு நடந்தது. ஒவ்வொருவரையும் தனக்குச் சிலிர்ப்பூட்டும் இசையைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஒருவர் கொண்டுவந்ததை இன்னொருவருக்கும் ஒப்பீட்டுக்காகப் போட்டுக் காட்டினார்கள். தன் இசைக்குச் சிலிர்த்தவர் அடுத்தவர் இசைக்குச் சிலிர்க்கவில்லை. 2011இல் அதே பல்கலைக்கழகத்தின் இன்னோர் ஆய்வு, நல்ல இடம் வரும்போது மட்டுமல்லாமல், அது வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளிலும் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது என்று காட்டியது. நாற்பது வருடமாகக் கேட்ட பாட்டில் எந்த இடம் எப்போது வரும் என்று உங்கள் உடம்புக்கே தெரியும். முதல்முறை கேட்கிற மைத்துனருக்கு அந்தக் காத்திருப்பு எங்கிருந்து வரும்? அவர் நாலு பேர் முன்னால் சொன்ன விதம் தப்பு, அதற்கு நீங்கள் வருந்துவது நியாயம். அதோடு அதை விடுங்கள்.

இப்போது மகள். இன்றே அந்தப் பாட்டை முழுதாகக் கேளுங்கள், ஹெட்போன் போட்டுக்கொண்டு. ராகத்தை மறந்துவிட்டு கவிஞர் தாமரை எழுதிய வரிகளைக் கேளுங்கள். பிறகு, 'நீ அனுப்பின பாட்டை இன்னைக்குத்தாம்மா முழுசாக் கேட்டேன்' என்று எழுதி, அதில் உங்களைத் தொட்ட ஓர் இடத்தை மட்டும் சொல்லுங்கள். வேறு பாட்டு எதையும் கூட அனுப்பாதீர்கள். 'ஏன் தூங்கல, ஏன் வரல' என்று செய்தியில் விசாரிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிடுங்கள். அவள் பேசினால் கேளுங்கள். நடுவில் வரும் மௌனத்தை அவசரமாக நிரப்ப வேண்டாம். மனைவியிடமும் இதைச் சொல்லுங்கள், அவருக்கு ஏற்கெனவே ஏதாவது தெரிந்திருக்கக்கூடும். போனில் பிடி கிடைக்கவில்லை என்றால் இருவருமாக பெங்களூருவுக்கு ரயில் ஏறுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்பதுபோல் ஏதாவது சொன்னால், அறிவுரை சொல்லிக்கொண்டிருக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி சேவையான 'டெலி மானஸ்' எண் 14416 எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

குழுவை விட்டு வெளியேற வேண்டாம், நீண்ட செய்தியும் வேண்டாம். அது உங்கள் சொந்த பந்தம், அங்கேயே இருங்கள். தினமும் அனுப்புவதை மட்டும் நிறுத்துங்கள். மைத்துனருக்கு எந்தக் காலத்துப் பாட்டு பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டு ஒரு நாள் அவருக்கு மட்டும் ஒன்றை அனுப்பிப் பாருங்கள். அதற்கு அவசரம் இல்லை, முதலில் மகளிடம் பேசுங்கள். பேசிய பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள்.