கொழுந்து எடுக்கும் மெஷினை இந்த சீசனுக்கு முன்பே வாங்கலாமா, ஒரு வருடம் பொறுக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் இரண்டரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. கொழுந்து எடுக்க ஆள் கிடைப்பதில்லை. ஏப்ரல் சீசனுக்கு முன் ஒரு ஆள் தூக்கும் பெட்ரோல் மெஷின் வாங்க நினைக்கிறேன். மார்ச்சுக்குள் எடுத்தால் விலை குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். பேட்டரி மெஷின் விலை இறங்கும், பொறு என்கிறார் மச்சான். எது சரி?

பதில்:

உங்கள் தோட்டத்தில் கடைசியாகக் கவாத்து எடுத்து (செடியைத் தாழ வெட்டிவிட்டு) எத்தனை வருடம் ஆகிறது? கேள்வியில் அது இல்லை. முடிவு அதில்தான் இருக்கிறது. கடைக்காரரின் தள்ளுபடியும் மச்சானின் பேட்டரியும் அதற்குப் பிறகு.

கை, கொழுந்தைத் தேடிக் கிள்ளும். பிளேடுக்கு அந்தத் தேடல் கிடையாது, அந்த உயரத்தில் எது நின்றாலும் வெட்டும். வருடக்கணக்காகக் கையால் எடுத்த செடியின் மேல்மட்டம் மேடு பள்ளமாக இருக்கும். அதன்மேல் மெஷினை ஓட்டினால், மேட்டில் பிளேடு ஆழமாக இறங்கிச் செடிக்குச் சாப்பாடு போடும் முற்றிய இலையையும் தண்டையும் அள்ளிவிடும். பள்ளத்தில் நல்ல கொழுந்து அப்படியே நின்று அடுத்த சுற்றில் முற்றிப்போகும். பையில் கரட்டு (முற்றிய) இலை, செடியில் மொட்டைத் திட்டு. இரண்டு சுற்றிலேயே மெஷின் உதவாது என்று முடிவுகட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள். மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை.

நீலகிரியில் பொதுவாக நான்கு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து. கவாத்துக்குப் பிறகு உயரத்தைப் பொறுத்து மூன்று நான்கு மாதம் கழித்து டிப்பிங் (புதுத் தளிர்களின் முதல் வெட்டு) எடுப்பார்கள். அந்த டிப்பிங்கை ஒரே மட்டத்தில், அளவுக் குச்சி வைத்து எடுத்தால் அதுதான் மெஷினுக்கான மேஜை. ஆகவே உங்கள் தோட்டம் நாலாவது, ஐந்தாவது வருடத்தில் இருந்து, வரும் ஏப்ரல்-மே அல்லது ஆகஸ்ட்-செப்டம்பரில் கவாத்து வரப்போகிறதென்றால் இப்போது வாங்க வேண்டாம். வாங்கினாலும் பாதி நாள் சும்மா கிடக்கும், உத்தரவாதக் காலம் மட்டும் ஓடும். முதல் இரண்டு வருடத்துக்குள் இருந்து மட்டமும் சமமாக இருந்தால் இந்த சீசனுக்கே எடுக்கலாம். மூன்றாவது வருடம் என்றால் ஒரு சோதனை: இரண்டு செடி வரிசைக்குக் குறுக்கே நீளமான மூங்கில் குச்சியைப் படுக்க வையுங்கள். குச்சிக்கும் இலைப்பரப்புக்கும் நடுவே நான்கு விரல் நுழையும் இடங்கள் நிறைய இருந்தால், கவாத்து வரை கைக்கத்தரியால் கொழுந்தெடுத்தே ஓட்டுங்கள்.

இரண்டாவது விஷயம் மானியம். பலர் கையைச் சுட்டுக்கொள்வது இங்கேதான். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு, மானியம் உண்டு. உங்கள் இரண்டரை ஏக்கர் சிறு, குறு விவசாயி வரையறைக்குள் வரும். வேளாண் பொறியியல் துறையில் அல்லது உழவன் செயலியில் விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகுதான் வாங்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பில்லைக் கொண்டுபோனால் ஒரு பைசா வராது. துறையின் பட்டியலில் உள்ள மாடலை மட்டும்தான் எடுக்க முடியும். கடைக்காரர் காட்டும் மெஷின் அதில் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள், கடையில் கேட்காதீர்கள். சிட்டா, ஆதார், சிறு குறு விவசாயி சான்று, வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். டீ போர்டின் உதவி சுய உதவிக் குழுக்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வழியாகவே அதிகம் வருகிறது. உங்கள் ஹட்டியில் (ஊரில்) குழு இருந்தால் குன்னூர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

நிதியாண்டின் கடைசி மாதங்களில் ஒதுக்கீடு தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஏப்ரலில் புது ஒதுக்கீடு. கடைக்காரர் மார்ச்சில் தருகிற நாலாயிரம் ஐயாயிரம் தள்ளுபடிக்காகப் பாதி விலையை விடுவது என்ன கணக்கு?

வரியையும் பில்லில் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அறுவடை இயந்திரங்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. ஆனால் அதே மெஷினை வேலி வெட்டும் கைக்கருவி என்று எழுதினால் 18 சதவீதம். பில்லில் எச்.எஸ்.என். எண் (பொருளின் வரிவகை எண்) 8433 (அறுவடை இயந்திரம்) என்று தொடங்குகிறதா, 8467 (கைக்கருவி) என்று தொடங்குகிறதா என்று முன்கூட்டியே கேட்டால் போதும்.

இனி பெட்ரோலா பேட்டரியா. மச்சான் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பேட்டரி மெஷினில் கையில் தூக்கும் எடை குறைவு, சத்தம் குறைவு, கார்புரேட்டர் தொல்லை இல்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் பிளேடு சிறியது, 30 சென்டிமீட்டர் அளவு. பெட்ரோலில் 50, 60 சென்டிமீட்டர் வரும். இரண்டரை ஏக்கரை வீட்டு ஆட்களே மெதுவாக எடுப்பதென்றால் பேட்டரி போதும். கூலிக்கு ஆள் வைத்து ஒரே நாளில் ஒரு பகுதியை முடிக்க வேண்டுமென்றால் இப்போதைக்குப் பெட்ரோல்தான்.

பேட்டரி எடுப்பதென்றால் பழைய ஸ்டாக்கைத் தொடாதீர்கள். லித்தியம் பேட்டரி கடை அலமாரியில் சும்மா இருந்தாலும் வயதாகும். தயாரித்த மாதத்தைப் பார்த்தே எடுங்கள். 24 வோல்ட், 12 ஆம்பியர்-ஹவர் என்றால் பேட்டரியின் கொள்ளளவு 288 வாட்-ஹவர். இரண்டு கம்பெனிகளை ஒப்பிட இந்தப் பெருக்கலைப் போடுங்கள், 'எட்டு மணி நேரம் ஓடும்' என்ற வாய்ச்சொல்லை விட்டுவிடுங்கள். உறைபனிக் காலத்தில் தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் விடியற்காலை வெப்பம் பூஜ்யத்தைத் தொடும். அந்தக் குளிரில் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போட்டால் உள்ளே நிரந்தரமாகக் கெடும். வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் போடுங்கள். வேலை இல்லாத மாதங்களில் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

பெட்ரோலில் பழைய ஸ்டாக் அவ்வளவு மோசமில்லை, விலை குறைத்தால் எடுக்கலாம். பிரைமர் குமிழும் (பெட்ரோலை ஏற்ற அமுக்கும் ரப்பர் குமிழ்) கார்புரேட்டர் டயஃப்ரமும் (அதனுள் இருக்கும் மெல்லிய சவ்வு) மட்டும் இறுகியிருக்கும். அவற்றைப் புதிதாக மாற்றித் தரச் சொல்லுங்கள், உத்தரவாதம் பில் தேதியிலிருந்து என்று எழுதி வாங்குங்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் கலவை மெஷினுக்கு மெஷின் மாறும். 25:1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில், 50:1 என்றால் 20 மில்லி. 50:1 கேட்கும் மெஷினுக்கு எஃப்.டி. தர டூ ஸ்ட்ரோக் ஆயில்தான், பைக் கடையில் கிடைக்கும் ஏதோ ஒன்றை ஊற்றக்கூடாது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது ஈரத்தை இழுக்கும். நம் ஊர் மூடுபனியில் கலவையைக் கேனில் மாதக்கணக்கில் வைத்தால் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும். ஓரிரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். சீசன் முடிந்தால் டேங்கைக் காலி செய்து, என்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு வையுங்கள். ஆயில் கலக்கும் வம்பு வேண்டாமென்றால் ஹோண்டா ஜி.எக்ஸ்.25, ஜி.எக்ஸ்.35 போன்ற நாலு ஸ்ட்ரோக் என்ஜின் பொருத்தியவை உண்டு. ஆயில் முறையே 80, 100 மில்லி. முதல் 10 மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கொஞ்சம் கனம், ஆனால் புகை குறைவு.

மலைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கோத்தகிரி உயரத்தில், சுமார் 1,800 மீட்டரில், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ ட்யூன் செய்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். புகை அடிக்கும், பிளக் கரிபிடிக்கும், இழுவை குறையும். டெலிவரியை உங்கள் தோட்டத்தில் எடுங்கள், மெக்கானிக்கை அங்கேயே பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஹை ஸ்பீடு ஸ்குரூவை அரைக்கால் சுற்று அளவாகச் சரிசெய்யச் சொல்லுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் ஆயிலும் சேர்ந்து குறைந்து பிஸ்டன் பிடித்துவிடும். சமவெளிக்கு மெஷினைக் கொடுத்தால் திருப்பி வைக்கவும் மறக்கக்கூடாது. ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் ஐடிலில் விட்டுப் பாருங்கள்: பிளேடு அசையக்கூடாது. அசைந்தால் ஐடில் ஸ்குரூவைக் குறைக்க வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் பழுது, அந்த மெஷினைத் திருப்பி அனுப்புங்கள்.

பிளேடைப் பற்றித்தான் யாரும் கடையில் பேசுவதில்லை. மேல் பிளேடும் கீழ் பிளேடும் ஒன்றோடொன்று உரசியபடி ஓட வேண்டும். போல்ட்டை முழுக்க இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, பிறகு லாக் நட்டைப் பூட்டுவது வழக்கம். தளர்ந்தால் கொழுந்து வெட்டுப்படாமல் நடுவில் மடங்கி நசுங்கும். இறுகினால் பிளேடு சூடாகி நீலம் பாயும், பிறகு கூர் நிற்காது. தேயிலைச் சாறு காய்ந்தால் பழுப்பாகப் பிசின்போல் ஒட்டும். அன்றன்றே தண்ணீரில் கழுவித் துடைத்து மெல்லிய ஆயில் தடவ வேண்டும். மழுங்கிய பிளேடு எடுத்த இலை ஆலைக்குப் போவதற்குள் ஓரம் சிவந்துவிடும், ஏஜெண்ட் பையைத் திறந்ததுமே கண்டுபிடிப்பார்.

ஆகவே கடையைத் தேர்ந்தெடுக்கும் முறை இது: பிளேடு ஜோடி, பிளக், பிரைமர் குமிழ், டயஃப்ரம் கிட், ஸ்டார்ட்டர் கயிறு, கிளட்ச் ஷூ ஆறையும் ஒரு தாளில் எழுதி விலை கேளுங்கள். குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு வாரத்துக்குள் எல்லாம் கிடைக்குமென்றால் வாங்கலாம். 'வரவழைத்துத் தரலாம்' என்று பதில் வந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், ஏப்ரல்-ஜூன் கொழுந்து உதிரிபாகத்துக்காகக் காத்திருக்காது.

கணக்கும் போட்டுவிடலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்ணை வைத்துப் பாருங்கள். மெஷின் 50,000 ரூபாய். கைப்பறிப்புக் கூலிக்கும், மெஷின் ஓட்டும் கூலி, பெட்ரோல் இரண்டுக்கும் கிலோவுக்கு வித்தியாசம் 4 ரூபாய். 12,500 கிலோவில் போட்ட பணம் திரும்பும். வருடத்துக்கு 10,000 கிலோ எடுப்பீர்களென்றால் ஒன்றேகால் வருடம். மெஷின் இலை என்று ஆலையில் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்தால் வித்தியாசம் 3 ரூபாய்தான், அப்போது ஒரு வருடம் எட்டு மாதம். பாதி மானியம் கிடைத்தால் முதல் கணக்கில் 6,250 கிலோ போதும், ஒரு வருடம்கூட ஆகாது. வருடம் நாலாயிரம் கிலோவுக்குக் கீழே எடுப்பவர்கள் தனியாக வாங்குவதைவிட நாலு வீடு சேர்ந்து வாங்கலாம். ஆனால் பிளேடு தீட்டுவது யார், டேங்கைக் காலி செய்வது யார் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். கூட்டு மெஷின்கள் அங்கேதான் சாகின்றன.

வாங்கிய பிறகும் எல்லாச் சுற்றையும் மெஷினில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு மெஷின் சுற்றிலும் வெட்டு மட்டத்தை அரை சென்டிமீட்டர் அளவு ஏற்றி, நடுவில் ஒரு கைச்சுற்று கொடுத்தால் செடி இலையை மீட்டுக்கொள்ளும். ஜனவரி-மார்ச் மந்தத்தில் கையே போதும். ஈர இலை பிளேடிலும் பையிலும் ஒட்டும், பனி காய்ந்த பிறகு தொடங்குங்கள். காதடைப்பான் போடுபவர்கள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேயிலைக்குள் காட்டெருமை படுத்திருந்தால் என்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்காது.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. பக்கத்தில் வாடகைக்கு மெஷின் ஓட்டும் குழு இருந்தால், ஒரு சுற்றை அவர்களிடம் கொடுத்து, அந்த இலையைத் தனிப்பையில் உங்கள் ஆலைக்கு அனுப்புங்கள். என்ன விலை போடுகிறார்கள், எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று சீட்டில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.