குளிர்காலம் முழுவதும் ஹப்பைப் பூட்டியே வைக்கலாமா?

அன்புள்ள தம்பி,

கோவையிலிருந்து கனடாவின் கால்கரிக்கு வந்து மூன்று மாதமாகிறது என்றும், 2004ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-250 வண்டி ஒன்றை வாங்கியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். முன்சக்கரங்களின் நடுவில், ஹப் என்னும் சக்கரக் குடத்தில், ‘ஃப்ரீ’, ‘லாக்’ என்று குறித்த திருகுகள் இருக்கின்றன. பனி விழும்போதெல்லாம் இறங்கி அவற்றைத் திருப்ப வேண்டுமா, பூட்டியபடியே விட்டால் காய்ந்த சாலையில் வண்டி பழுதாகுமா என்பது உங்கள் கேள்வி. நவம்பர் தொடக்கத்தில் இரண்டு ஹப்புகளையும் பூட்டுங்கள். வசந்தம் வரும்வரை அவற்றைத் தொடாதீர்கள். பத்தொன்பது குளிர்காலங்களாக நான் அப்படித்தான் செய்து வருகிறேன். நீங்கள் கவனமாகக் கையாள வேண்டியது, இரு சக்கர விசையா நான்கு சக்கர விசையா என்று மாற்றும், வண்டிக்குள் இருக்கும் லீவரைத்தான்.

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் புதிதாக வருபவர்களுக்கு அச்சம் ஏற்படுகிறது. ஹப்புக்குள் பல் வெட்டிய ஒரு வளையம் இருக்கிறது. திருகை ‘லாக்’ பக்கம் திருப்பினால் அந்த வளையம் நகர்ந்து, சக்கரத்தையும் உள்ளே வரும் ஆக்ஸில் தண்டையும் இணைக்கும். ‘ஃப்ரீ’ பக்கம் திருப்பினால் சக்கரம் தனியாக உருளும், தண்டு அசையாமல் நிற்கும். எஞ்சினின் விசையை முன்பக்கம் அனுப்புவதா இல்லையா என்பதை ஹப் தீர்மானிப்பதில்லை. அது லீவரின் வேலை. ஹப் பூட்டியிருந்தும், பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் 2எச்-இல் லீவர் இருந்தால், முன் ஆக்ஸிலும் அதன் நீளத் தண்டும் சக்கரங்களோடு சேர்ந்து சும்மா சுழலுமே தவிர, பின்பக்கத்தோடு எந்தப் பிணைப்பும் இல்லை. எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். அதற்கு மேல் காய்ந்த சாலையில் எந்தக் கேடும் இல்லை.

கேடு வருவது நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் 4எச்-இல்தான். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் செல்கின்றன. உங்கள் வண்டியில் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளும் நடு டிஃபரென்ஷியல் கிடையாது. 4எச்-இல் முன் தண்டும் பின் தண்டும் ஒரே வேகத்தில் சுழன்றே ஆக வேண்டும். பனியிலும் சரளையிலும் டயர் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துவிடும். காய்ந்த தாரில் டயர் வழுக்காது. ஆகவே முறுக்கம் முழுவதும் பற்சக்கரங்களிலும் தண்டுகளிலும் ஏறி நிற்கும். ஸ்டியரிங் கனப்பதும், குறுகிய திருப்பத்தில் வண்டி குதிப்பதும், லீவரை 2எச்-க்கு இழுத்தால் வர மறுப்பதும் அதன் அடையாளங்கள். அப்போது லீவரோடு மல்லுக்கட்டாதீர்கள். சில மீட்டர் நேராகப் பின்னால் ஓட்டினால் முறுக்கம் தளர்ந்து லீவர் எளிதாக வரும்.

கால்கரியில் இது வெறும் பாடமாக நிற்பதில்லை, அன்றாடம் சந்திப்பது. ராக்கி மலைகளைக் கடந்து மேற்கிலிருந்து சினூக் என்னும் வெப்பக் காற்று இறங்கும்போது, சில மணி நேரத்தில் வெப்பநிலை இருபது டிகிரிகூட உயரும். சாலை காய்ந்து கோடை போலத் தோன்றும். அதே சாலையில் ஒரு குன்றின் நிழலிலோ பாலத்தின் மேலோ கண்ணாடி போன்ற பனிக்கட்டி அப்படியே கிடக்கும். உங்கள் வேலை லாங்வியூ பக்கத்து மாட்டுப் பண்ணைகளில் என்கிறீர்கள். 22ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே போகும்போது ஐந்து கிலோமீட்டர் காய்ந்த தாரும், அடுத்த அரைக் கிலோமீட்டரில் காற்று வாரிக் கொட்டிய பனியும் மாறி மாறி வரும். ஹப் ‘ஃப்ரீ’யில் இருந்தால் ஒவ்வொரு பனித்திட்டுக்கும் ஓரம்கட்டி இறங்க வேண்டும், யாரும் இறங்குவதில்லை என்பதே உண்மை. பூட்டியிருந்தால் இருக்கையில் அமர்ந்தபடியே லீவரை மாற்றிக்கொள்ளலாம். வேகத்தைக் குறைத்து, சக்கரங்கள் நேராக இருக்கும்போது, காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு மாற்றுங்கள். கடுங்குளிரில் கியர் ஆயில் கெட்டியாக இருக்கும் முதல் சில கிலோமீட்டருக்கு லீவரை அவசரப்படுத்தாதீர்கள். ஹப் திறந்திருக்க, ஓடும் வண்டியில் 4எச்-க்கு மாற்றவே கூடாது. நின்றுகொண்டிருக்கும் முன் தண்டை ஓடும் தண்டோடு கோக்க முயல்வதால் பற்கள் உரசித் தேயும்.

என் முதல் குளிர்காலத்தில் நான் இதை அறியாமல் இருந்தேன். எரிபொருளை மிச்சப்படுத்த ஹப்பை ‘ஃப்ரீ’யில் வைத்திருந்தேன்; ஒரு மாலை பண்ணைக்குச் செல்லும் சரளைச் சாலையில் பின்சக்கரங்கள் பனியில் புதைந்தன. மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. வலப்பக்கத் திருகு திரும்பியது, இடப்பக்கத் திருகு உறைந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் பூட்டினால், இரு முன்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் விசை முழுவதையும் திறந்திருக்கும் பக்கத்துத் தண்டுக்கே கொடுத்துவிடும், வண்டி அசையாது. கையுறையைக் கழற்றிக் கட்டிங் பிளேயரால் திருகினேன், திருகு உடைந்தது. காற்றோடு சேர்த்து உணரப்படும் குளிர் மைனஸ் 28 முதல் 39 வரை இருந்தால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையத் தொடங்கும் என்பதை அப்போது நான் கேள்விப்பட்டதில்லை. அவ்வழியே வந்த பண்ணைக்காரர் ஒருவர் சங்கிலி கட்டி இழுத்துவிட்டார். இரண்டு விரல் நுனிகளில் உணர்வு திரும்ப ஒரு வாரமாயிற்று. நீங்கள் அந்த நிலைக்கு வரக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே பூட்டுவதை வீட்டு வாசலில், குளிர் இறங்குமுன் செய்யுங்கள். திருகைக் கையால் மட்டும் திருப்புங்கள். இரண்டு பக்கமும் முழுமையாகக் குறியில் நிற்க வேண்டும். பற்கள் நேருக்கு நேர் அமையாவிட்டால் வளையம் உடனே கோக்காது. வண்டியை ஓரடி முன்னும் பின்னும் நகர்த்தினால் உட்காரும். பழைய வண்டி என்பதால் ஒருமுறை சோதித்தும் பாருங்கள்: முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். ‘லாக்’கில் உள்தண்டும் உடன் சுழல வேண்டும், ‘ஃப்ரீ’யில் சுழலக்கூடாது. திருகு இறுக்கமாக இருந்தால் மெக்கானிக்கிடம் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். உள்ளே மெல்லிய பூச்சாக மட்டுமே கிரீஸ் வேண்டும். பேரிங்குக்கு வைப்பதுபோல் அடைத்து வைத்தால், மைனஸ் முப்பதில் அது மெழுகாக இறுகி வளையத்தை நகரவிடாது. நல்ல பட்டறைகளில்கூட இந்தத் தவற்றைப் பார்த்திருக்கிறேன். உறைந்த ஹப்பின் மேல் வெந்நீர் ஊற்றுவதும் வேண்டாம், அந்த நீர் உள்ளே இறங்கி மறுபடியும் உறையும்.

மெதுவான வேகத்தில் நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பெருக்கித் தரும் 4எல் உங்களுக்கு அரிதாகவே தேவைப்படும். அதற்கு வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து மாற்றுங்கள். ஹப் திறந்திருக்கும்போது 4எல் போட்டால் பெருக்கப்பட்ட விசை முழுவதும் பின் ஆக்ஸிலின் மேலேயே விழும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். நான்கு சக்கர விசை வண்டியைக் கிளப்பும், ஏற்றும், நிறுத்துவதற்கு உதவாது. நிறுத்துவது டயர்தான். மலையும் பனிப்பூவும் பொறித்த குளிர்கால டயர்கள் நான்கையும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் போடுங்கள். அளவு வேறுபட்டால், நேர்ச்சாலையிலேயே 4எச்-இல் முறுக்கம் ஏறும். ஜாஸ்பர் வரை போகும் ஆசை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். லேக் லூயிஸிலிருந்து அங்கே செல்லும் 232 கிலோமீட்டர் மலைச்சாலையில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம், பெரும்பகுதியில் கைப்பேசித் தொடர்பும் இல்லை.

ஹப்பை எப்போது திறப்பது என்றும் கேட்பீர்கள். ஏப்ரலில் புல் பச்சையாகத் தெரிந்தாலும் அவசரப்படாதீர்கள். இங்கே மே மாதத்திலும் பனி விழும், பண்ணைச் சாலைகளும் அதுவரை சேறாகவே இருக்கும். நான் மே மாதக் கடைசி வாரத்தில் திறக்கிறேன். அதன் பிறகும் மாதம் ஒருமுறை பூட்டி, 2எச்-இல் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திறந்துவிடுகிறேன். முன் டிஃபரென்ஷியலின் எண்ணெய் மேலே ஏறிப் பற்களையும் சீல்களையும் நனைக்கும், நவம்பரில் திருகும் கைக்கு இணங்கும்.