கண்ணுக்கான மாத்திரை: புட்டியின் பின்பக்கம் சொல்வது என்ன?

கேள்வி: எனக்கு 58 வயது. படிப்பதற்குக் கண்ணாடி அணிகிறேன்; நாள் முழுவதும் கணினித் திரையைப் பார்க்கும் வேலை. பார்வையைப் பாதுகாக்கும் என்று எழுதிய மாத்திரைப் புட்டிகள் பல விற்கின்றன. லூட்டின், ஜியாக்சாந்தின், துத்தநாகம் என்று எல்லாவற்றிலும் அதே பெயர்கள். விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. எதை வாங்குவது?

பதில்: எதையும் வாங்கும் முன், சொட்டு மருந்திட்டுக் கண்பாவையை விரியச் செய்து விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு மாத்திரை தேவையா என்பதே அதில்தான் தெரியும். நீங்கள் கண்ணாடி அணிவது பெரும்பாலும் வெள்ளெழுத்தினால்தான் இருக்கும். வயதாக ஆகக் கண்ணின் வில்லை இறுகி வளைந்து கொடுக்காமல் போவதால் வரும் அதை எந்தச் சத்து மாத்திரையும் சரிசெய்யாது.

நீங்கள் குறிப்பிடும் சத்துகளுக்கு உறுதியான சான்று இருப்பது, முதுமையில் விழித்திரையின் மையப்பகுதியான மாகுலா சிதையும் நோய்க்கு மட்டுமே. அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் நடத்தி 2001-இல் முடிவு வெளியான ஏரெட்ஸ் ஆய்வில், நாளொன்றுக்கு வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் ஈ 400 சர்வதேச அலகு, பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) 15 மி.கி., துத்தநாகம் 80 மி.கி., செம்பு 2 மி.கி. ஆகியவற்றைச் சேர்த்து உட்கொண்டபோது, நோய் இடைநிலையில் இருந்தவர்களுக்கும் ஒரு கண்ணில் மட்டும் முற்றியிருந்தவர்களுக்கும் அது முற்றிய நிலைக்குச் செல்லும் அபாயம் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தது. இழந்த பார்வை திரும்பவில்லை, கண்புரையும் தடைபடவில்லை. 2013-இல் வெளியான ஏரெட்ஸ் 2 ஆய்வுக்குப் பின் பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக லூட்டின் 10 மி.கி.யும் ஜியாக்சாந்தின் 2 மி.கி.யும் சேர்க்கப்படுகின்றன. இன்று விற்கும் புட்டிகள் பலவும் இந்த ஆய்வின் பெயரைக் கடன் வாங்கிக்கொள்கின்றன. அளவுகளைக் கடன் வாங்குவதில்தான் சிக்கனம் காட்டுகின்றன.

மருத்துவர் பரிந்துரைத்தால், புட்டியைத் திருப்பிப் பின்பக்க அட்டவணையைப் பாருங்கள். முன்பக்கத்தில் ‘செண்டுமல்லிச் சாறு 100 மி.கி.’ என்று பெரிதாக இருக்கும். லூட்டின் அந்தப் பூவிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பின்பக்கத்தில் ‘லூட்டின் 5 விழுக்காடு’ என்று சிறிய எழுத்தில் இருந்தால், உங்களுக்குக் கிடைப்பது 5 மி.கி. மட்டுமே. துத்தநாகத்திலும் இதே கதைதான்: துத்தநாக குளுக்கோனேட் 70 மி.கி. என்றால் அதிலுள்ள துத்தநாகம் சுமார் 10 மி.கி. அடுத்து, அட்டவணையில் உள்ள அளவு ஒரு மாத்திரைக்கா, இரண்டுக்கா என்று பாருங்கள். இரண்டுக்கு என்றால் 60 மாத்திரைப் புட்டி 30 நாளுக்குத்தான் வரும். ஆகவே புட்டியின் விலையை விட்டுவிட்டு, ஒரு நாள் செலவைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு சத்துக்கும் தனி அளவு தராமல், கலவை முழுவதற்கும் ஒரே எண்ணை அச்சிட்டிருக்கும் புட்டியை நான் வாங்கமாட்டேன்.

கேள்வி: என் தந்தை புகைபிடிப்பவர், ரத்தம் உறையாமலிருக்க மருந்தும் எடுக்கிறார். வெறும் வைட்டமின்தானே, அவருக்கும் கொடுக்கலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். பீட்டா கரோட்டினை அதிக அளவில் மாத்திரையாக எடுக்கும் புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. ஏரெட்ஸ் கலவையில் அதற்கு மாற்றுத் தேடியதன் முதன்மைக் காரணமே இதுதான். பழைய கலவையும் இன்னும் விற்பனையில் இருப்பதால் அட்டவணையில் பீட்டா கரோட்டின் என்ற பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதிக அளவு வைட்டமின் ஈ, அவர் எடுக்கும் மருந்தோடு சேர்ந்து ரத்தக்கசிவு அபாயத்தை உயர்த்தலாம். அதிகத் துத்தநாகம் உடலில் செம்பைக் குறைக்கும் என்பதால்தான் கலவையில் செம்பு சேர்க்கப்பட்டது. செம்பில்லாத புட்டியைத் தவிர்ப்பதற்கு அந்த ஒரு காரணம் போதும். புகைப்பழக்கத்தைக் கைவிடுவது அவர் கண்ணுக்கு எந்தப் புட்டியையும்விட அதிகம் உதவும், செலவும் இல்லை.

கேள்வி: கண் உலர்ந்து உறுத்துகிறது. மீன் எண்ணெய் மாத்திரை வாங்கலாமா?

பதில்: 2018-இல் வெளியான ட்ரீம் ஆய்வில், மீன் எண்ணெயில் உள்ள கொழுப்புச் சத்தான ஒமேகா-3-ஐ நாளொன்றுக்கு 3,000 மி.கி. எடுத்தவர்களின் கண் உலர்வு ஓராண்டுக்குப் பின், ஆலிவ் எண்ணெய் மாத்திரை எடுத்தவர்களுடையதைவிடக் குறிப்பிடும்படி குறையவில்லை. அந்தப் பணத்தைப் பதப்பொருள் (preservative) சேர்க்காத கண்ணீர்ச் சொட்டுக்குச் செலவிடுங்கள். திரையைப் பார்க்கையில் இமைப்பதே குறைந்துவிடும் என்பதால் அதையும் கவனியுங்கள்.

கேள்வி: கேரட் நிறையச் சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிடலாமா?

பதில்: முடியாது. வைட்டமின் ஏ குறைவால் மாலைக்கண் வந்தவருக்குக் கேரட் உதவும். போதுமான அளவு உள்ளவருக்குப் பார்வை மேலும் கூர்மையாகாது. லூட்டின் வேண்டுமானால் கரும்பச்சைக் கீரைகள், முட்டையின் மஞ்சள் கரு, மக்காச்சோளம் ஆகியவற்றில் இருக்கிறது. கொழுப்பில் கரைவது என்பதால் கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமையுங்கள். வைட்டமின் ஏ மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்குவது, குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கு, ஆபத்தானது. அளவு மிஞ்சினால் கருவுக்குக் குறைபாடு உண்டாகலாம்.