தட்டைப்புழு: கேள்வி பதில்

பாபநாசம்: வாய்க்காலில் கல்லைப் புரட்டியபோது தட்டையான பழுப்புப் புழு ஒன்று கிடைத்தது. வெட்டினால் இரண்டாகுமா, ஐயா?

முக்கோணத் தலையும், மாறுகண் போலத் தோன்றும் இரு கண்புள்ளிகளும் இருந்தால் அது பிளனேரியா; இரண்டாகும். அதன் உடலணுக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நியோபிளாஸ்ட் என்னும் குருத்தணுக்கள் என்பதால், எந்த உறுப்பு போனாலும் அதைக் கட்டும் சரக்கு உடம்பிலேயே இருக்கிறது. ஆய்வகத்தில் நான் தலையை அறுத்த புழுவின் வெட்டுவாயில் மூன்றாம் நாள் நிறமற்ற மொட்டு அரும்பியது. ஒரு வாரம் கழித்து அதில் மிளகுப்பொடி தூவியதுபோல இரு கண்கள் தெரிந்தன. 279-இல் ஒரு பங்குத் துண்டும் முழுப் புழுவாகும் என்று 1898-இல் அமெரிக்க உயிரியலாளர் மார்கன் கண்டார். எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வால் என்பதைப் பீட்டா-கேட்டனின் என்னும் புரதம் தீர்மானிக்கிறது. அதை அடக்கினால் வால் முளைக்கவேண்டிய இடத்திலும் தலையே முளைக்கும்.

மன்னார்குடி: மண்புழுவும் அப்படித்தானே?

இல்லை. தலைப்பக்கத் துண்டு சிலவேளை வாலை வளர்த்துக்கொள்ளும்; வால் துண்டு பெரும்பாலும் மடியும்.

வலங்கைமான்: மண்வெட்டி பட்ட மண்புழு இரண்டாகுமா?

மன்னார்குடிக்காரருக்குச் சொன்னதுதான்.

திருவையாறு: அட்டை?

வளராது. அடுத்து மரவட்டையைக் கொண்டுவர வேண்டாம்.

குத்தாலம்: எருக்குழியில் விசிறித் தலையும் முதுகில் கோடுகளும் கொண்ட நீளப் புழு ஊர்கிறது.

வெட்டாதீர்கள். அது மண்புழுவைத் தின்னும் நிலத் தட்டைப்புழு. தானே வால்நுனியைக் கழற்றிவிட்டுப் பெருகும் அதற்கு மண்வெட்டி உபகாரமே செய்யும். பேத்தை மீனின் நஞ்சு இவ்வகையிலும் இருப்பதால், வெறுங்கையால் தொடாமல் குச்சியால் எடுத்து, மூடியுள்ள டப்பாவில் உப்போடு போடுங்கள்.

திருவாரூர்: தலை போனாலும் பழகியது மறக்காதாமே?

2013-இல் வெளியான ஓர் ஆய்வில், சொரசொரப்பான தரையில் இரையுண்ணப் பழக்கிய பிளனேரியாப் புழுக்கள், தலையை வெட்டிப் புதுத் தலை முளைத்தபின் ஒரு சிறு மறுபயிற்சி பெற்று, பழகாதவற்றைவிட விரைவாக இரையை அணுகின.

திருவாரூர் (மீண்டும்): அப்படியென்றால் நினைவுக்கு மூளையே வேண்டாம்!

அவசரப்படுகிறீர்கள். அந்த மறுபயிற்சி இல்லாமல் வேறுபாடு புலப்படவில்லை. அது வெளிப்பட்டதும் புது மூளை முளைத்த பிறகுதான். பழக்கிய புழுவைத் தின்ற புழுவுக்கும் அந்தப் பழக்கம் வரும் என்று 1960-களில் அமெரிக்க உளவியலாளர் மெக்கானல் சொன்னதைப் பிறரால் உறுதிப்படுத்த முடியவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நாகை: ஆட்டின் ஈரல்புழுவும் தட்டைப்புழுதானே?

ஆம், ஆனால் வெட்டினால் இப்படி வளராது. நத்தை வழியே பரவுவது அது. மருந்துக்குக் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

குத்தாலம்: உங்கள் பதில் வருமுன்பே மூன்றாக வெட்டிவிட்டேன்.

மூன்றையும் தேடி எடுத்து உப்பில் போடுங்கள்.