வேர்டில் பத்தியின் முதல் வரியை மட்டும் உள்ளே தள்ளுவது எப்படி?

ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி முதல் வரியை நகர்த்துவதாகவும், எழுத்துருவை மாற்றினால் எல்லாம் கோணலாகிவிடுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். ஸ்பேஸின் அகலம் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும், அதனால் முதலில் அந்த இடைவெளிகளை அழித்துவிடுங்கள்.

வியூ டேபில் ரூலர் என்பதை டிக் செய்தால் மேலே அளவுகோல் வரும். அதன் இடது முனையில் இரண்டு குட்டி முக்கோணங்கள், அடியில் ஒரு சின்னப் பெட்டி. மேல் முக்கோணத்தை இழுத்தால் முதல் வரி மட்டும் நகரும். கீழ் முக்கோணம் முதல் வரியை விட்டுவிட்டு மற்ற வரிகளைத் தள்ளும். பெட்டியைப் பிடித்தால் மொத்தப் பத்தியும் சேர்ந்து போகும். முக்கோணத்தைப் பிடிக்கப் போய்ப் பெட்டி மாட்டிக்கொள்வது சகஜம், கன்ட்ரோல் இசட் போட்டு மறுபடி இழுங்கள். ஆல்ட் விசையை அழுத்தியபடி இழுத்தால் அளவும் தெரியும்.

துல்லியமாக வேண்டுமென்றால் பத்தியில் ரைட் கிளிக் செய்து பாராகிராஃப், அதில் ஸ்பெஷல் என்ற இடத்தில் ஃபர்ஸ்ட் லைன். 1.27 செ.மீ., அதாவது அரை அங்குலம், தானாகவே வரும். எனக்கு அது கொஞ்சம் அதிகம், 0.8 போதும்.

நீளமான கோப்பு என்றால் பத்தி பத்தியாக மல்லுக்கட்ட வேண்டாம், ஸ்டைலிலேயே, அதாவது பல பத்திகளுக்கு ஒரேயடியாகக் கொடுக்கும் வடிவமைப்புத் தொகுப்பிலேயே, மாற்றிவிடுங்கள். ஆனால் நார்மல் ஸ்டைலில் கை வைத்தால் தலைப்புகளும் சேர்ந்து நகரக்கூடும், அதனால் பாடி டெக்ஸ்ட் ஸ்டைலில் மாற்றி, பத்திகளுக்கு அதைக் கொடுப்பதுதான் நல்லது.