கன்சல்டன்சிக்குப் பணம் கட்டி வேலைக்குப் போகலாமா? சொந்த மாவட்டத்தில் என்ன உதவி கிடைக்கும்?

கேள்வி: தம்பி பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறான். 15,000 ரூபாய் கட்டினால் கோவையில் கம்பெனி வேலை வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்சிக்காரர் சொல்கிறார். கட்டலாமா? இல்லை, நம் மாவட்டத்திலேயே பயிற்சிக்கும் வேலைக்கும் உதவி கிடைக்குமா?

பதில்:

கட்ட வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் படியுங்கள்.

2013இல் நானும் கட்டினேன். அப்போது 4,000 ரூபாய், அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தது. வேலை கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது, கிடைத்தது. கோவை கணபதி பக்கம் ஒரு பட்டறையில் பவர் பிரஸ், அதாவது தகட்டை அச்சில் வைத்து அழுத்தும் மெஷின், ஓட்டும் வேலை. அந்த மெஷினில் கைக்கொன்றாக இரண்டு பட்டன் உண்டு. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை அச்சுக்குள் (டை) மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படி. எங்கள் பட்டறையில் ஒரு பட்டனைக் குச்சி வைத்து அழுத்திக் கட்டியிருந்தார்கள். ஒரு கையால் பீஸை வைத்துக்கொண்டே இன்னொரு கையால் அழுத்தினால் ஷிப்டுக்கு எத்தனை பீஸ் கூடும், கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலாவது மாதம் நைட் ஷிப்டில் என் இடது ஆட்காட்டி விரலின் நுனி போனது.

முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவரே காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், பில்லையும் கட்டினார். அடுத்த இரண்டு மாதச் சம்பளத்தில் அதைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

விஷயம் என்னவென்றால், அந்தப் பட்டறையில் எந்த ரிஜிஸ்டரிலும் என் பெயர் இல்லை. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) இல்லை, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இல்லை, வேலைக்குச் சேர்ந்ததற்கு ஆர்டர் என்று ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. சம்பளம் கவரில் வரும். அந்த வயதில் எனக்கு அது பெரிய குறையாகவும் தெரியவில்லை, பிடித்தம் இல்லாமல் முழுச் சம்பளம் கைக்கு வருகிறதே என்று சந்தோஷம்தான்.

ஈ.எஸ்.ஐ. பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்லித் தருவதில்லை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது உண்டு. காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் உண்டு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். 14,000 ரூபாய் சம்பளம் என்றால் உங்கள் தம்பிக்குப் பிடிப்பது 105 ரூபாய். ஒரு சினிமா டிக்கெட்டுக்குக்கூடக் காணாது. இதற்கு அவனுக்கும் வீட்டில் அவனை நம்பி இருப்பவர்களுக்கும் வைத்தியம் உண்டு. வேலையில் அடிபட்டால் சேர்ந்த முதல் நாளாக இருந்தாலும் சரி, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நோய்க்காக எடுக்கும் லீவுக்கு 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. ஆனால் இந்த இரண்டாவதற்கு ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா போயிருக்க வேண்டும். இது தெரிந்திருந்தால் நான் அந்தப் பட்டறையில் முதல் வாரமே கேட்டிருப்பேன். கேட்டால் வேலை போயிருக்கும், விரல் மிஞ்சியிருக்கும்.

சரி, உதவி எங்கே கிடைத்தது என்பதற்கு வருகிறேன். கட்டுப் போட்ட கையோடு ஊருக்குத் திரும்பி, பதிவைப் புதுப்பிப்பதற்காக மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். எல்லோரையும் போல, அரசு வேலைக்குப் பதிந்துவைக்கும் இடம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே இருந்த அலுவலர் என் கையைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஐ.டி.ஐ. சேர்றியா? உனக்கு இன்னும் வயசு இருக்கு" என்று கேட்டார். அப்போது எனக்கு 21 வயது. பத்தாவது முடித்தவுடன் போக வேண்டிய இடத்துக்கு இந்த வயதில் போவதா என்று கூச்சமாக இருந்தது. போனால் என் வகுப்பில் 30 வயதுக்காரர் ஒருவர் இருந்தார், கல்யாணமாகிக் குழந்தையும் உண்டு.

ஐ.டி.ஐ. என்றால் தொழிற்பயிற்சி நிலையம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும், ஐ.டி.ஐ. படிப்புக்கும் அது பொருந்தும். பெண்களுக்குப் புதுமைப் பெண். நான் படித்தபோது இருந்த லேத்துகளுக்கு என் அப்பா வயது இருக்கும். இப்போது டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் தொழில் 4.0 மையங்கள் போட்டிருக்கிறார்கள். சி.என்.சி. (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்), ரோபோ என்று இருக்கிறது. பொறாமையாகத்தான் இருக்கிறது.

லேத்தில் கடைசல் பிடிக்கும் டர்னர் டிரேடு இரண்டு வருடம் முடித்ததும், கம்பெனியிலேயே ஸ்டைபண்டோடு வேலை பழகும் அப்ரண்டிஸாகப் போனேன். உங்கள் தம்பிக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதனால் நாம் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. அரசு ஐ.டி.ஐ.க்களில் தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம் நடக்கும், கம்பெனிக்காரர்களே வருவார்கள். மாதாமாதம் கொடுக்கும் ஸ்டைபண்டில் 1,500 ரூபாய் வரை மத்திய அரசு ஏற்கிறது. முடிவில் தேர்வு எழுதி என்.ஏ.சி. என்ற தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் வாங்கிவிட்டால் எந்த ஊருக்குப் போனாலும் செல்லும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அப்ரண்டிஸுக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பொருந்தாது. அதைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று பயப்பட வேண்டாம். அடிபட்டால் நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு. ஆனால் அப்ரண்டிஸ் ஒப்பந்தம் அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பதிவே செய்யாமல் "டிரெய்னி" என்று மூன்று வருடம் ஓட்டும் இடங்களும் உண்டு.

படிக்கப் பொறுமை இல்லை, உடனே வேலை வேண்டும் என்றால், வேலைவாய்ப்பு அலுவலகத்திலேயே தனியார் கம்பெனிகளுக்கான சிறு முகாம்கள் நடக்கின்றன, பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில். தமிழ்நாடு தனியார் வேலை இணையதளத்திலும் பதியலாம். இரண்டுக்கும் காசு இல்லை. சொந்தமாக ஏதாவது செய்கிற எண்ணம் இருந்தால், செல்போன் ரிப்பேர், டூவீலர் மெக்கானிக் போன்றவற்றுக்கு வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையம் இருக்கிறது. சாப்பாடு, தங்குமிடத்தோடு இலவசம்.

இனி கம்பெனி நல்லதா என்று எப்படிப் பார்ப்பது? நான் இண்டர்வியூவுக்கு முன் செய்யும் வேலை ஒன்று உண்டு. கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஷிப்ட் முடியும் நேரத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். வெளியே வருகிறவர்களில் நாற்பது வயதுக்காரர்கள் இருக்கிறார்களா? "எத்தனை வருசமா இருக்கீங்க அண்ணா?" என்று கேட்டால் "ஆறு மாசம்", "மூணு மாசம்" என்றே பதில் வந்தால் டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். ஓவர்டைமுக்கு டபுள் சம்பளம் போடுகிறார்களா, சம்பளம் பேங்கில் வருகிறதா, இவையும் அங்கேயே தெரிந்துவிடும். உள்ளே போனால் ஆர்டர் கேளுங்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் எல்லோருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம்.

நல்ல இடம் என்றால் மெஷின் இருக்கும் இடத்தை மட்டும் யோசிக்கக் கூடாது. என் தங்கை ஒரு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றே வேலை பார்த்துக் கணுக்கால் வீங்கி வருவாள். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அவள் கடையிலும் ஸ்டூல் வந்தது. யாராவது அதிகாரி வருகிறார் என்றால்தான் கவுண்டருக்குப் பக்கத்தில் வரும், மற்ற நாட்களில் குடோனில் இருக்கும். இப்போது வேறு கடைக்கு மாறிவிட்டாள். சம்பளம் 500 ரூபாய் குறைவு, ஆனால் உட்கார முடிகிறது.

நான் இப்போது சி.என்.சி. மெஷினைத் தயார்செய்து கொடுக்கும் செட்டராக இருக்கிறேன். சம்பளம் ஈ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிவிட்டதால் கார்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறது. புதுப் பையன்கள் வந்தால் முதல் நாள் என் விரலைக் காட்டிவிட்டுத்தான் மெஷினைக் காட்டுவேன்.

ஐ.டி.ஐ. சேர்க்கை பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை ஒட்டித் தொடங்கும். அதற்குள் தம்பியை ஒரு நாள் பக்கத்து அரசு ஐ.டி.ஐ.க்கு அழைத்துப்போய் ஒர்க் ஷாப்பைச் சுற்றிக் காட்டுங்கள். ஃபிட்டரா, எலக்ட்ரீஷியனா, வெல்டரா என்பதை அவன் அங்கே பார்த்துவிட்டுச் சொல்லட்டும். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நான்கையும் இப்போதே எடுத்துவையுங்கள். சாதிச் சான்றிதழுக்குத்தான் கடைசி நேரத்தில் எல்லோரும் இ-சேவை மையத்துக்கு ஓடுவார்கள்.