ஸ்பெயினின் வெஹேர் மலையூரில் குடும்பத்தோடு ஒரு வாரம் தங்குகிறோம். எந்தெந்தக் கடற்கரைகளுக்குப் போகலாம்?

ஜூலைக் கடைசியில் வெஹேர் தெ லா ஃபிரோந்தேராவில் வாடகை வீடு, கையில் கார், கூடவே ஆறு வயது மகள், சைவம் சாப்பிடும் அம்மா என்று சொல்லியிருக்கிறீர்கள். ஏழு நாளைக்கு ஏழு கடற்கரை என்று அட்டவணையும் போட்டு, இது சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிவராது. அந்த அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தில் எந்தக் கடற்கரைக்குப் போவது என்பதை அன்றன்று காலையில்தான் முடிவு செய்ய முடியும். முடிவு செய்வது நீங்களும் அல்ல, காற்று.

நான் செவில் நகரில் வேலை பார்க்கிறேன். கோடையில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது ஊரில் பாதிப் பேர் காதிஸ் மாகாணத்துக் கடற்கரைகளுக்கு ஓடிவிடுவார்கள். நானும் குடும்பத்தோடு அந்தக் கூட்டத்தில் போகிறவன். தங்குவது பெரும்பாலும் வெஹேரில்தான். கடலோரத்தில் வீடு எடுத்தால் அந்த ஒரு கடற்கரையோடு மாட்டிக்கொள்வோம். வெஹேர் சுமார் 200 மீட்டர் உயரக் குன்றின் மேல், கடலிலிருந்து பத்து கிலோமீட்டர் போல உள்ளே இருக்கிறது. அங்கிருந்து கோனில், எல் பால்மார், கான்யோஸ், பர்பாத்தே எல்லாமே பதினைந்து இருபது நிமிடப் பயணம். காற்று ஒரு பக்கம் துரத்தினால் இன்னொரு பக்கம் இறங்கிவிடலாம்.

அந்தக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சுற்றுலாப் பக்கங்கள் இதை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. நம் கடலோரத்தில் மீனவர்கள் கொண்டல், கச்சான், வாடை என்று பேர் சொல்லித்தான் காற்றைப் பேசுவார்கள். அங்கேயும் அப்படித்தான். கிழக்கிலிருந்து வருவது லெவாந்தே, மேற்கிலிருந்து வருவது போனியேந்தே. போனியேந்தே அட்லாண்டிக்கின் ஈரத்தோடு குளிர்ச்சியாக வரும், பெரிய தொல்லை தராது. லெவாந்தேதான் வில்லன். மத்தியதரைக் கடலிலிருந்து கிளம்பி, ஜிப்ரால்டர் நீரிணையின் இரண்டு பக்க மலைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நுழைந்து, வேகம் கூடி வெளியே வரும். நீரிணையின் ஒடுக்கமான இடத்தில் ஸ்பெயினுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே வெறும் 14 கிலோமீட்டர்தான். வெஹேர்ப் பக்கம் வரும்போது அது நிலத்தைக் கடந்து வறண்டு, சூடாகி இருக்கும். ஆரம்பித்தால் ஒரு நாளில் நிற்காது, தொடர்ந்து சில நாள் அடிக்கும். மணல் ஊசி மாதிரி காலில் குத்தும், குடை நிற்காது, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் பாதி மணல். லெவாந்தே அதிகம் அடித்தால் மனிதருக்குக் கிறுக்குப் பிடிக்கும் என்று உள்ளூரில் சொல்வார்கள். மூன்றாம் நாள் அதை நம்பத் தோன்றும்.

காற்றைக் கண்டுபிடிக்க வானிலைச் செயலி இருக்கிறது. ஆனால் உங்களுக்கு அதைவிட எளிய வழி உண்டு. காலையில் காபியோடு மாடிக்கோ ஊர் விளிம்புக்கோ வாருங்கள். சுற்றிலும் சமவெளியில் மின்சாரக் காற்றாலைகள் தெரியும். அவற்றின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அங்கிருந்துதான் காற்று. அந்த ஊர்க்காரர்கள் காற்றை ரொம்ப காலமாகவே வேலை வாங்கியிருக்கிறார்கள். மாவு அரைத்த பழைய வெள்ளைக் காற்றாலைகள் சில ஊர் மேட்டிலேயே நிற்கின்றன, மகளுக்குக் காட்டுங்கள்.

சரி, லெவாந்தே அடிக்கிறது. எங்கே போவது? என் முதல் தேர்வு கான்யோஸ் தெ மேக்கா. அங்கே கிழக்குப் பக்கம் லா பிரேன்யா பைன் காடு கடல்வரை வந்து செங்குத்துப் பாறையாக முடிகிறது. அந்தப் பாறைகள் காற்றை நன்றாகவே தடுத்துவிடும். பாறையிலிருந்து நல்ல தண்ணீர் ஊற்றுகள் கசிந்து கடற்கரையில் விழும். அதைப் பார்க்க ஓரமாகக் கிழக்கே நடக்க வேண்டும், கடல் வற்றியிருக்கும் நேரத்தில் மட்டும். அட்லாண்டிக் என்பதால் நீர்மட்டம் சென்னை, ராமேஸ்வரம் போல இருக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் இரண்டு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். போகும்போது இருந்த மணல் திரும்பும்போது இருக்காது. பாறையடியில் குடை விரித்து உட்காரவும் வேண்டாம், கல் உதிரும். இன்னொன்று, அந்தக் கோடி உடையில்லாமல் குளிப்பவர்கள் காலங்காலமாக வரும் இடம். யாரும் யாரையும் பார்ப்பதில்லை, ஆனால் அம்மாவோடு போகும்போது முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. ஊர் முன்னால் இருக்கும் மணலிலேயே உட்கார்ந்துகொண்டால் அந்தச் சங்கடம் பெரும்பாலும் இராது.

அதே காற்றுக்கு இன்னொரு ஒதுக்கிடம் கோனிலுக்கு வடக்கே இருக்கும் ரோச்சே குடாக்கள். மஞ்சளும் சிவப்புமான மண்பாறைகளுக்கு அடியில் சின்னச் சின்ன மணல் திட்டுகள். அழகில் இவைதான் முதலிடம் என்பது என் கட்சி. ஆனால் படி இறங்கி ஏற வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி இருந்தால் விட்டுவிடுங்கள்.

காற்று இல்லாத நாளுக்கும் லேசான போனியேந்தே நாளுக்கும் எல் பால்மார். இது வெஹேரின் சொந்தக் கடற்கரை, ஊராட்சி எல்லைக்குள்ளேயே வருகிறது. கிலோமீட்டர் கணக்கில் நேராக நீளும் மணல், பின்னால் உயரமான கட்டடம் ஒன்றும் கிடையாது, நடுவில் ஒரு பழைய காவல் கோபுரம். அலைச்சறுக்குக்காரர்களின் இடம், வரிசையாகப் பள்ளிகள் இருக்கின்றன. கோடையில் அலை பெரும்பாலும் சின்னதாக இருப்பதால் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. லெவாந்தே அடிக்கும் நாளில் இங்கே கடல் குளம் போல அமைதியாகத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிறது. குழந்தை காற்றடைத்த மிதவையில் உட்கார்ந்திருந்தால் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுபோய்விடும். அன்றைக்கு மிதவையை வண்டியிலிருந்தே எடுக்கக் கூடாது.

பால்மாருக்குத் தெற்கே ஸாஓரா, அதற்கப்பால் டிராஃபல்கர் முனை. லண்டன் சதுக்கத்துக்குப் பேர் கொடுத்தது இதுதான். 1805 அக்டோபர் 21 அன்று இந்த முனைக்கு அப்பால் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களை வென்ற சண்டையில்தான் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் செத்துப்போனார். இப்போது அங்கே ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கமும் மணலும் மட்டும்தான். வண்டியை வெளியே விட்டுவிட்டு, மணல் ஏறிய சாலையில் நடந்து போக வேண்டும். சூரியன் மறைவதைப் பார்க்க அருமையான இடம், குளிக்க அல்ல. முனையைச் சுற்றி நீரோட்டம் பொல்லாதது.

உங்கள் அட்டவணையில் போலோனியாவுக்கு அரை நாள்தான் ஒதுக்கியிருந்தீர்கள். அதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள், ஆனால் லெவாந்தே அடிக்காத நாளாகப் பார்த்து. வெஹேரிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடற்கரையின் மேற்குக் கோடியில் 30 மீட்டர் உயரத்துக்கு மணல்மலை ஒன்று பைன் மரங்களை விழுங்கிக்கொண்டு நிற்கிறது. அந்த மலையைக் கட்டியதே லெவாந்தேதான். கிழக்கிலிருந்து மணலை வாரிக்கொண்டுவந்து அங்கே கொட்டியிருக்கிறது, இன்னும் கொட்டுகிறது. அப்படிப்பட்ட நாளில் அங்கே போய் நின்றால் உங்கள் மேலும்தான் கொட்டும்.

கடற்கரைக்கு ஒட்டினாற்போலவே பேலோ கிளாடியா என்ற ரோமானிய ஊரின் இடிபாடு. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவான ஊர். சந்தைச் சதுக்கம், கோயில்கள், நாடக அரங்கு எல்லாம் இருக்கின்றன. என்னை இழுப்பது அவை அல்ல, தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கும் உப்புத் தொட்டிகள். வட்டமாகவும் சதுரமாகவும் தரையில் குழித்துக் கட்டியவை. சூரை (டியூனா) மீனை வெட்டி உப்பில் ஊறவைத்ததும், குடலையும் சின்ன மீனையும் நொதிக்கவிட்டு காரும் என்ற மீன்சாறு எடுத்ததும் அதில்தான். இந்தச் சாறு கப்பலேறி ரோமானிய உலகம் முழுக்கப் போனது. நம் அரிக்கமேட்டில் கிடைத்த சாடித் துண்டுகளில்கூட ஸ்பெயின் மீன்சாறு வந்தவை இருக்கின்றன. அவை இந்த ஊர்ச் சாடிகள்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் அந்தத் தொட்டிக்கரையில் நிற்கும்போது புதுச்சேரி நினைவு வராமல் இருக்காது. திங்கட்கிழமை மூடியிருக்கும், பார்த்துப் போங்கள். அந்தப் பக்கத்துச் செம்பழுப்பு மாடுகள் சில சமயம் கடற்கரை மணலிலேயே வந்து படுத்துக்கிடக்கும். மகளுக்கு ரோமானியரைவிட அதுதான் பிடிக்கும்.

சூரை மீன் கதை அதோடு முடியவில்லை. நீலத்துடுப்புச் சூரை முட்டையிட அட்லாண்டிக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போகும் வழியில், வசந்த காலத்தில், கரையோரம் வலைகளை ஒரு பொறி போல நட்டுப் பிடிக்கிறார்கள். அல்மத்ராபா என்று பெயர். இன்றைக்கும் கோனில், பர்பாத்தே, ஸாரா, தரீஃபா ஆகிய நான்கு இடங்களில் நடக்கிறது. நீங்கள் போகும் ஜூலைக் கடைசியில் பிடிப்பு முடிந்திருக்கும், கடைகளில் மீன் இருக்கும்.

ஸாரா தெ லோஸ் அதூனெஸ் நல்ல நீளமான கடற்கரை, போகலாம், ஆனால் பால்மாரைப் பார்த்தபின் புதிதாக ஒன்றும் இல்லை. அதைத் தாண்டி இரண்டு முனைகளுக்கு நடுவே ஒதுங்கியிருக்கும் அலெமானெஸ் கடற்கரை அழகானது. வண்டி நிறுத்த இடம்தான் கிடைக்காது. தரீஃபா பட்டம் கட்டி அலையில் பறப்பவர்களின் ஊர். காற்று அங்கே இன்னும் மோசம், குழந்தையோடு குளிக்க அங்கே போக மாட்டேன்.

அம்மாவுக்காக ஒரு நாள் தனியாக வைக்க வேண்டுமென்றால் கோனில் ஊர்க் கடற்கரை, அல்லது பர்பாத்தேயின் கார்மென் கடற்கரை. இரண்டிலும் கடலோர நடைபாதை, உட்காரும் இடம், கழிப்பறை, கைக்கெட்டும் தூரத்தில் கடைகள். பர்பாத்தே மீன்பிடி ஊர், பார்க்க அழகில்லை என்று பலர் ஒதுக்குவார்கள். எனக்கு அங்கே உள்ளூர்ப் பாட்டிமார்கள் நாற்காலி வட்டம் போட்டு உட்கார்ந்து மாலை முழுக்கப் பேசுவதைப் பார்க்கப் பிடிக்கும். உங்கள் அம்மாவுக்கும் மொழி தெரியாமலே அந்த வட்டத்தில் ஒரு நாற்காலி கிடைத்துவிடலாம்.

நேரம் முக்கியம். காலை பத்தரைக்குமேல் கிளம்பினால் கடலோரச் சாலைகளில் வண்டி நகராது, நிறுத்தவும் இடம் இராது. ஜூலைக் கடைசியில் அங்கே இரவு ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறையும். அதனால் நாங்கள் மதியம் வீட்டில் தூங்கிவிட்டு ஐந்து மணிக்கு மேல் இறங்குவோம். வந்தவர்கள் கிளம்ப ஆரம்பித்திருப்பார்கள், வெயிலும் மெல்லத் தணிய ஆரம்பிக்கும், நாலு மணி நேர வெளிச்சம் மிச்சமிருக்கும். வெஹேர் பழைய ஊருக்குள் சந்துகள் குறுகல், செங்குத்து. வரைபடச் செயலி காட்டுகிறதே என்று காரை உள்ளே விடாதீர்கள். கீழே பொது நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடந்து ஏறுங்கள், அம்மாவை வீட்டுக்குப் பக்கத்தில் டாக்சியில் இறக்கிவிடலாம்.

லெவாந்தே உச்சத்தில் அடிக்கும் நாளில் கான்யோஸிலும் ரோச்சேயிலும் ஊரே குவிந்திருக்கும். அன்றைக்குக் கடலையே மறந்துவிட்டு மலையிலேயே இருங்கள். தடித்த வெள்ளைச் சுவர்களுக்குள் பூந்தொட்டி வைத்த முற்றங்கள், தவளைப் பொம்மைகள் தண்ணீர் துப்பும் ஓடு பதித்த நீரூற்றுச் சதுக்கம், கோட்டைமதில் எல்லாம் நிழலிலேயே சுற்றிப் பார்க்கலாம்.

சாப்பாடு. கடற்கரைக் குடிசைக் கடைகளில் இறால் போட்ட மெல்லிய மொறுமொறு அடை கிடைக்கும், நீங்கள் தவறவிட வேண்டாம். அம்மாவுக்குத்தான் கவனம் வேண்டும். தக்காளியும் ரொட்டியும் அரைத்த சல்மொரேஹோ என்ற குளிர்ந்த கூழ் சைவம் போலத் தெரியும், மேலே பன்றி இறைச்சித் துணுக்கும் முட்டையும் தூவித் தருவார்கள். காய்கறி சாலட் என்று கேட்டாலும் டப்பாச் சூரை மீனோடு வரும், ஏனென்றால் அங்கே பலருக்கு மீன் இறைச்சிக் கணக்கிலேயே வராது. "சைவம்" என்று பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. ஒவ்வொன்றாகப் பேர் சொல்லுங்கள்: சின் ஹமோன், சின் வேவோ, சின் அதூன். பன்றி வேண்டாம், முட்டை வேண்டாம், சூரை வேண்டாம். இல்லாவிட்டால் வீட்டிலேயே எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போய்விடுங்கள், காற்றில்லாத நாளாக இருந்தால்.